பைக்கை வீட்டில் கழற்றி கிளட்ச், கியர்பொக்ஸ், செயின் வேலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, தெமட்டகொடை பக்கமெல்லாம் சொந்தமாக பைக் வேலை பார்க்கத் தொடங்கியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்களை இங்கே சேர்த்திருக்கிறோம். பதில்கள் 100 முதல் 150 சிசி வரையான, காற்றால் குளிரும் ஒற்றைச் சிலிண்டர் பைக்குகளுக்கானவை. ஹொண்டா சிஜி 125, ஸ்ப்ளெண்டர், டிஸ்கவர், பல்சர் போன்றவை இந்த வகைதான். அளவுகள் மொடலுக்கு மொடல் மாறும். உங்கள் பைக்கின் சர்விஸ் மனுவலில் உள்ள எண்ணும் இங்கே உள்ளதும் வேறுபட்டால் மனுவலையே நம்புங்கள்.

"எந்த வேலைக்கு என்ஜினை இறக்கவேணும், எதுக்குத் தேவையில்லை?"

இதற்குப் பதில் தெரியாமல் ஸ்பானரைத் தொடவே வேண்டாம். செயின், ஸ்ப்ரொக்கெட், பின் ஹப்பில் இருக்கும் ரப்பர்கள், முன் ஸ்ப்ரொக்கெட்டின் ஒயில் சீல் ஆகிய எல்லாம் வெளியில் நின்றே முடியும் வேலை. கிளட்ச், கியர் மிதிக்கும் ஷாஃப்ட், அதன் ஸ்பிரிங், என்ஜினின் சுழற்சியைக் கிளட்ச்சுக்குக் கொடுக்கும் பிரைமரி கியர் ஆகியவற்றுக்கு வலப்பக்க மூடியை மட்டும் திறந்தால் போதும், என்ஜின் பிரேமிலேயே இருக்கலாம். கியர் சக்கரங்கள், அவற்றை நகர்த்தும் ஷிப்ட் ஃபோர்க், ஃபோர்க்கை நகர்த்தும் ஷிப்ட் ட்ரம், பிஸ்டன் சுழற்றும் கிராங்க் ஆகியவற்றுக்குத்தான் என்ஜினை இறக்கி அதன் வெளிக்கூடான கேஸை இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த வகை என்ஜின்களில் கேஸ் நெடுக்காகப் பிரிவதால் ஹெட், சிலிண்டர், பிஸ்டன் மூன்றையும் கழற்றாமல் பிரிக்க ஏலாது.

ஆகவே மூன்று அடுக்கு: வெளியே, மூடிக்குள், கேஸுக்குள். கோளாறு எந்த அடுக்கில் இருக்கிறதோ அதோடு நிறுத்த வேண்டும். இரண்டாவது அடுக்கில் முடிகிற ஒரு ஸ்பிரிங் வேலைக்காக முழு என்ஜினையும் பிரித்துவிட்டு, பூட்டத் தெரியாமல் சாக்கில் கட்டி கராஜுக்குக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர்.

"அப்பார்ட்மென்ட் பார்க்கிங்ல செய்ய ஏலுமா?"

கிளட்ச், செயின் வேலை என்றால் தாராளமாக ஏலும். ஒரு பகலில் முடியும். என்ஜினைப் பிரிக்கும் வேலை குறைந்தது இரண்டு கிழமை இழுக்கும். பாகம் தேடவும் லேத்துக்குக் கொடுத்து வாங்கவும்தான் அவ்வளவு நாள் போகிறது. அத்தனை நாளும் பைக் நிற்க மழை படாத, பூட்டக்கூடிய இடம் வேண்டும். பைக்குக்கு ஒரு இடம், பக்கத்தில் ஆறடி நீளத்தில் ஒரு மேசை அல்லது பலகை இருந்தால் போதும்.

பெற்றோல் டாங்கைக் கழற்றியதும் மூடி இறுகியிருக்கிறதா, குழாய் அடைத்திருக்கிறதா என்று பார்த்து, காற்றோட்டமான இடத்தில் தனியாக வையுங்கள். வீட்டுக்குள்ளே, முக்கியமாகக் குசினிக்குப் பக்கத்தில், வைக்கவே கூடாது. பாகங்களைக் கழுவப் பெற்றோல் வேண்டாம். மண்ணெண்ணெய் போதும், அதையும் திறந்த வெளியில் பாவியுங்கள்.

"டூல்ஸ் என்னென்ன வாங்கவேணும்?"

8, 10, 12, 14, 17 ஆகிய சொக்கட்டும் ரிங் ஸ்பானரும்தான் முக்கால்வாசி வேலையைச் செய்யும். 6 மி.மீ. பொல்ட்டுக்குத் தலை பெரும்பாலும் 8 அல்லது 10, 8 மி.மீ. பொல்ட்டுக்கு 12. இவற்றுக்கு மேல் உண்மையில் பணம் போட வேண்டியவை நான்கு: இறுக்கத்தை அளந்து காட்டும் சிறிய டோர்க் ரென்ச், சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பாக்ட் டிரைவர், ஷாஃப்ட்டில் பூட்டும் வளையக் கிளிப்களை எடுக்கும் சேர்கிளிப் பிளையர், கிராங்க் முனையில் சுழலும் காந்தச் சக்கரத்தை இழுத்தெடுக்க உங்கள் மொடலுக்குப் பொருந்தும் மெக்னெட் புல்லர். பிளாஸ்டிக் சுத்தியல் ஒன்றும் இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் ஒன்றும் கூட இருக்கட்டும்.

பழைய ஜப்பான் பைக்குகளின் பக்க மூடிகளில் இருக்கும் நட்சத்திர ஸ்க்ரூவைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவரால் திருகினால் தலை தேய்ந்துவிடும். அவை ஜப்பான் தரத்தில் வெட்டப்பட்டவை, மற்ற நட்சத்திர முனை அடிவரை இறங்காது. ஜப்பான் முனையை இம்பாக்ட் டிரைவரில் போட்டு அடித்தால் பெரும்பாலும் முதல் அடியிலேயே இளகும். கடற்கரைப் பக்கத்து பைக்குகளில் உப்புக் காற்றால் ஸ்க்ரூ அலுமினியத்தோடு பிடித்திருக்கும். முதல் நாள் இரவே ஊடுருவும் எண்ணெய் அடித்து வையுங்கள்.

"செயின் மட்டும் மாத்தினா போதாதா? ஏன் செட்டா மாத்தச் சொல்றாங்க?"

செயின் தேயும்போது அதன் பின்களுக்கிடையிலான தூரம் கூடுகிறது, ஸ்ப்ரொக்கெட் பல்லும் அந்தக் கூடிய தூரத்துக்கு ஏற்பத் தேய்கிறது. அதில் புதுச் செயினைப் போட்டால் சில பற்கள் மட்டுமே பாரத்தைத் தாங்கும். புதுச் செயின் சீக்கிரமே பழையதாகிவிடும். ஆகவே இரண்டு ஸ்ப்ரொக்கெட்டும் செயினும் ஒன்றாகவே மாற வேண்டும்.

மாற்ற வேண்டுமா என்பதை அளந்து முடிவு செய்யுங்கள். இந்த பைக்குகளில் பெரும்பாலும் 428 செயின். ஒரு கண்ணிக்கு 12.7 மி.மீ., 20 கண்ணிக்கு 254 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணியை அளந்து 259 மி.மீ. வந்தால் அதன் ஆயுள் முடிந்தது. 256-ஐத் தாண்டினாலே தேடத் தொடங்கலாம். பூட்டும்போது லொக் கிளிப்பின் மூடிய முனை செயின் ஓடும் திசையை நோக்கி இருக்க வேண்டும், திறந்த முனை பின்னால். இதை மாறிப் போட்டவர்களின் செயின் நடுவீதியில் கழன்றிருக்கிறது.

"புதுச் செயின் செட் போட்டும் டக் டக் எண்டு அடிக்குது. ஏன்?"

பின் சக்கரத்தைக் கழற்றி ஹப்புக்குள் இருக்கும் ரப்பர்களைப் பாருங்கள். ஸ்ப்ரொக்கெட்டைக் கையால் முன்னும் பின்னும் அசைத்தால் சக்கரம் அசையாமல் அது மட்டும் ஆடினால் ரப்பர் நசிந்துபோய்விட்டது. விலை குறைந்த பாகம், பத்து நிமிட வேலை.

ரப்பர் நன்றாக இருந்தால் சக்கர பெயரிங்கையும் செயினின் தளர்வையும் பாருங்கள். நடுவில் மேலும் கீழும் 20 முதல் 30 மி.மீ. ஆட வேண்டும். ஒரே இடத்தில் அளந்து நிறுத்தாமல் சக்கரத்தைச் சுற்றி, மிக இறுக்கமான இடத்தில் அந்த அளவை வையுங்கள். வயரைப் போல இறுக்கிய செயின், முன் ஸ்ப்ரொக்கெட் பூட்டிய அவுட்புட் ஷாஃப்ட்டின் பெயரிங்கைத் தின்றுவிடும். அதை மாற்ற மூன்றாவது அடுக்குவரை போக வேண்டிவரும்.

"ஏத்தத்தில எக்ஸலரேட்டரை முறுக்கினா சத்தம் மட்டும் கூடுது, பைக் ஏறுதில்ல. கிளட்ச் பிளேட்டா?"

கிளட்ச் வழுக்குகிறது என்பது சரி. ஆனால் பிளேட்தான் காரணம் என்று உடனே முடிவெடுக்காதீர்கள். முதலில் லீவர் நுனியில் 10 முதல் 20 மி.மீ. வெற்று அசைவு இருக்கிறதா பாருங்கள். இல்லாவிட்டால் கேபிள் கிளட்ச்சை எந்நேரமும் கொஞ்சம் பிடித்தபடியே இருக்கும். அடுத்தது ஒயில். கார் ஒயில் சிலவற்றில் உராய்வைக் குறைக்கும் சேர்மானம் உண்டு, என்ஜின் ஒயிலிலேயே நனைந்து ஓடும் இந்த ஈரக் கிளட்ச்சை அது வழுக்க வைக்கும். போத்தலில் ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருக்க வேண்டும்.

இரண்டும் சரியென்றால் மூடியைத் திறவுங்கள். ஃப்ரிக்ஷன் பிளேட்டின் கனத்தை வேர்னியர் அளவுகோலால் அளந்து மனுவல் எல்லையோடு ஒப்பிடுங்கள். இரும்பு பிளேட்டைத் தடித்த கண்ணாடியில் படுக்கவைத்து ஃபீலர் கேஜை நுழைத்துப் பாருங்கள். 0.2 மி.மீ. நுழைந்தால் வளைந்துவிட்டது. நீலமாகக் கருகியிருந்தால் அளக்கவே வேண்டாம், மாற்றுங்கள். ஸ்பிரிங்கின் நீளத்தையும் அளந்துபாருங்கள். பிளேட்டை மாற்றிவிட்டுப் பழைய ஸ்பிரிங்கையே போட்டு, மூன்று மாதத்தில் திரும்பத் திறக்கிறவர்கள் அதிகம். புதுப் பிளேட்களைப் பூட்டுவதற்கு முன் ஓர் இரவு என்ஜின் ஒயிலில் ஊறவிடுங்கள். காய்ந்தபடி போட்டால் முதல் ஓட்டத்திலேயே எரியும்.

பிளேட்கள் உட்காரும் கிளட்ச் கூடையின் விரல்களையும் தடவிப் பாருங்கள். பிளேட்டின் காதுகள் இடித்து அங்கே பள்ளம் விழுந்திருந்தால் கிளட்ச் இழுபட்டு இழுபட்டு விடும், நியூட்ரல் விழாது. சின்னப் பள்ளத்தை அரத்தால் சமப்படுத்தலாம். ஆழமானால் கூடைதான் மாற வேண்டும்.

"சென்டர் நட் அசையவே இல்ல. கூடையும் சேர்ந்து சுத்துது!"

கழற்றும் ஒழுங்கு பிழைத்ததால் வரும் தொல்லை இது. இறுக்கமான நட்கள் எல்லாவற்றையும் செயின் மாட்டியிருக்கும்போதே, என்ஜின் பிரேமில் இருக்கும்போதே இளக்க வேண்டும். டொப் கியரில் போட்டு, ஒருவர் பின் பிரேக்கை முழுப் பலத்தோடு மிதிக்க, மற்றவர் நட்டைத் திருப்ப வேண்டும். டொப் கியர் ஏன் என்றால், கிராங்கில் நீங்கள் கொடுக்கும் முறுக்கு சக்கரத்தில் பெருகும் அளவு அதில்தான் குறைவு, ஆகவே பிரேக்கால் தாங்க முடியும்.

இளக்கும் வரிசையும் முக்கியம். மெக்னெட் நட், பிரைமரி கியர் நட் இரண்டையும் கிளட்ச் ஸ்பிரிங்குகள் இறுகியிருக்கும்போதே இளக்குங்கள். ஸ்பிரிங்கை எடுத்துவிட்டால் பிளேட்கள் வழுக்கி, கிராங்கைப் பிடிக்க எதுவும் இல்லாமல் போகும். கிளட்ச் சென்டர் நட்டும் முன் ஸ்ப்ரொக்கெட்டும் அதற்குப் பிறகு. ஏற்கெனவே எல்லாம் கழன்றுவிட்டதென்றால், பிரைமரி கியருக்கும் கூடையின் பல்லுக்கும் இடையில் தடித்த செப்புத் துண்டு ஒன்றை வைத்து கிராங்கை நிறுத்தலாம். இரும்பு வைத்தால் பல் உடையும்.

சில ஹொண்டா வகை என்ஜின்களில் கிராங்க் முனையில் நான்கு வெட்டுள்ள வட்ட நட் இருக்கும். அதற்குரிய சொக்கட் தனியாக விற்கிறார்கள். உளியால் அடித்து எடுத்த நட்டை மறுபடி ஒழுங்காக இறுக்க ஏலாது. இடது மரை உள்ள, வழக்கத்துக்கு எதிர்த்திசையில் இளகும் நட்களும் சில மொடல்களில் உண்டு. இறுக்கம் அளவுக்கு மீறியதாகத் தோன்றினால் நின்று மனுவலைப் பாருங்கள்.

"மெக்னெட்டை சுத்தியலால தட்டி எடுக்க ஏலாதா?"

ஏலாது. மெக்னெட் கிராங்கின் கூம்பு முனையில் பிடித்திருக்கிறது. பக்கவாட்டில் அடித்தால் காந்தம் வெடிக்கும், முனையில் அடித்தால் கிராங்க் நேர் தவறும். புல்லரை அதன் மரையில் முழு ஆழத்துக்கும் கையால் ஏற்றிவிட்டு, நடு பொல்ட்டை இறுக்குங்கள். வராவிட்டால் இறுக்கிய நிலையில் நடு பொல்ட்டின் தலையில் ஒரு சின்னத் தட்டு. ‘டக்’ என்று கழன்று வரும். கூம்பில் இருக்கும் அரைநிலா வடிவச் சாவித்துண்டை அப்போதே எடுத்து ஒரு போத்தலில் போடுங்கள். அது தொலைந்தால் அல்லது வெட்டுப்பட்டால் இக்னிஷன் டைமிங் பிழைக்கும்.

"ரெண்டாம் கியர்ல இருந்து நியூட்ரலுக்குப் பாயுது. கியர் சக்கரம் போச்சுதா?"

இங்கேதான் முதல் பதிலில் சொன்ன அடுக்குகள் உதவும். பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, என்ஜின் ஓடாமல், பின் சக்கரத்தைக் கையால் சுற்றியபடி எல்லாக் கியரையும் மேலும் கீழும் மாற்றிப் பாருங்கள். மிதி மேலே திரும்பி வரவில்லை, சில கியர் விழவே இல்லை என்றால், கிளட்ச் மூடிக்குள் இருக்கும் ஷாஃப்ட்டின் திரும்பும் ஸ்பிரிங்கோ ட்ரம்மை நிறுத்தும் சின்னக் கையின் ஸ்பிரிங்கோ உடைந்திருக்க வாய்ப்பு அதிகம். என்ஜினை இறக்கத் தேவையில்லை.

நின்ற நிலையில் எல்லாம் ஒழுங்காக விழுந்து, பாரத்தில் முறுக்கும்போது மட்டும் பாய்ந்தால் கோளாறு உள்ளே. கியர்களின் பக்கத்தில் ஒன்றையொன்று பிடிக்கும் கட்டைப்பற்கள் இருக்கின்றன, அவற்றின் விளிம்பு உருண்டுவிட்டால் பாரம் ஏறும்போது தாமாகவே விலகும். சோடியாக உள்ள இரண்டு கியரையும் சேர்த்தே மாற்றுங்கள். கூடவே ஷிப்ட் ஃபோர்க்கைப் பாருங்கள். ஒரு பக்க நுனி மட்டும் மினுங்கித் தேய்ந்திருந்தால் ஃபோர்க் வளைந்திருக்கிறது. பல மொடல்களில் நுனியின் கனம் புதிதில் 5 மி.மீ. அளவு. அரை மி.மீ. குறைந்திருந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். ஃபோர்க்கை விட்டுவிட்டு கியரை மட்டும் மாற்றினால் புதுக் கியரும் அதே வழியில் போகும்.

"என்ஜினைத் தனியாளா இறக்கலாமா?"

25 முதல் 30 கிலோ இருக்கும். தூக்கலாம், ஆனால் கடைசி பொல்ட்டை இழுக்கும் நேரத்தில் இரண்டு கை போதாது. ஜாக்கி ஒன்றின் மேல் பலகை வைத்து என்ஜினுக்கு முட்டுக்கொடுங்கள், ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்ளுங்கள். பற்றரியின் மைனஸ் வயரை எல்லாவற்றுக்கும் முன் கழற்றுங்கள். பிறகு டாங்க், சைலென்சர், காபரேட்டர், கேபிள்கள், வயர்கள், செயின், ஃபுட்ரெஸ்ட் என்று போய் கடைசியாக என்ஜின் பொல்ட்கள். என்ஜின் போனதும் பைக்கின் பாரம் மாறும், ஹாண்டிலை முன்கூட்டியே தூணோடு கட்டிவிடுங்கள்.

"பொல்ட்டும் வாஷரும் கலந்துடும் எண்டு பயமா இருக்கு"

பயப்பட வேண்டிய விஷயம்தான். ஒவ்வொரு மூடிக்கும் ஒரு காட்போட் மட்டை எடுத்து மூடியின் வடிவத்தை வரைந்து, பொல்ட் இருந்த இடத்திலேயே துளை போட்டுச் செருகுங்கள். ஒரே மூடியில் மூன்று நீளங்களில் பொல்ட்கள் வரும். நீளமானதைக் குட்டையான துளையில் முறுக்கினால் கேஸ் வெடிக்கும், குட்டையானதை நீளமான துளையில் இறுக்கினால் மரை பிய்யும்.

கியர் ஷாஃப்ட்டுக்கு மட்டை போதாது. கழற்றக் கழற்ற ஒவ்வொரு கியரையும் வாஷரையும் அதே வரிசையில், அதே முகம் பார்க்க, கட்டுக்கம்பி ஒன்றில் கோத்து இரு முனையையும் மடியுங்கள். படமும் எடுங்கள், ஆனால் படத்தில் வாஷரின் கனம் தெரியாது, கம்பியில் தெரியும். சேர்கிளிப்களைப் புதிதாகப் போடுங்கள். அவற்றின் ஒரு விளிம்பு கூர்மை, மறு விளிம்பு உருண்டது. கூர்மையான பக்கம் கியர் தள்ளும் பாரத்துக்கு எதிர்ப்பக்கம், அதாவது கியரைப் பார்க்காத பக்கம், இருக்க வேண்டும்.

"எல்லா பொல்ட்டும் எடுத்தும் கேஸ் பிரியுதில்ல. ஸ்க்ரூ டிரைவரால நெம்பட்டா?"

வேண்டாம். நெம்பினால் இணையும் முகத்தில் விழும் ஒரே ஒரு கீறல் வாழ்நாள் முழுக்க ஒயில் கசியவிடும். பத்துக்கு எட்டு முறை ஒரு ஸ்க்ரூ மறந்திருக்கும். மெக்னெட் கொயில் தட்டின் பின்னாலும், கிளட்ச் இருந்த குழியிலும், அழுக்கு மூடிய அடிப்பக்கத்திலும் தேடுங்கள். மட்டையில் காலியான துளை இருக்கிறதா என்று எண்ணிப் பாருங்கள். உண்மையிலேயே ஒன்றும் இல்லையென்றால், பிளாஸ்டிக் சுத்தியலால் ஷாஃப்ட் முனைகளை மாறி மாறி மெதுவாகத் தட்டுங்கள். இரண்டு பக்கமும் சமமாகத் திறக்க வேண்டும்.

திறக்கும் தருணத்தில் அவசரப்படாதீர்கள். மெல்லிய வாஷர்கள் ஒயிலால் மேல் கேஸில் ஒட்டிக்கொண்டு வரும், பிறகு எங்கோ விழும். எது எந்தப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டே கையை வையுங்கள்.

"பெயரிங்கை எப்படி இறக்கி ஏத்துறது?"

கேஸைச் சூடாக்குங்கள், பெயரிங்கைக் குளிராக்குங்கள். மின் ஹொட் பிளேட்டில் கேஸை வைத்து, தண்ணீர்த் துளி விழுந்ததும் சீறிக் காயும் அளவுக்கு, அதாவது 100 பாகையைச் சற்றுத் தாண்டச் சூடாக்கினால் பழைய பெயரிங் பலகையில் தட்டியதும் விழும். புதியதை இரவு முழுக்க ஃப்ரீசரில் வைத்திருந்தால் சூடான கேஸில் கையாலேயே இறங்கும். காஸ் டோர்ச்சால் ஓரிடத்தைச் சுட்டால் கேஸ் கோணும். தட்டித்தான் ஆக வேண்டுமென்றால் வெளி வளையத்தில் மட்டும் தட்டுங்கள்.

பழைய பெயரிங்கில் 6203, 6304 என்று எண் இருக்கும். அதன் பின்னால் சி3 என்று இருந்தால் புதியதும் சி3-ஆகவே வேண்டும். உள்ளே சற்றுக் கூடிய இடைவெளி உள்ள வகை அது. இல்லாததைப் போட்டால் என்ஜின் சூடானதும் இறுகும்.

"பஞ்சிகாவத்தையில ஒரிஜினல் எது எண்டு எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

பஞ்சிகாவத்தை கொழும்பில் உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த இடம். அங்கே பழைய பாகத்தைக் கழுவிக் கையோடு கொண்டுபோங்கள். பெயரைச் சொல்லி வாங்கினால் அதே பெயரில் இரண்டு வருடம் முந்திய மொடலுக்கானதைத் தருவார்கள், அதில் பல் எண்ணிக்கை ஒன்று வித்தியாசமாக இருக்கும். கியரின் பல்லை எண்ணி, விட்டத்தையும் உயரத்தையும் வேர்னியரால் கடையிலேயே அளந்துபாருங்கள். சீல், பெயரிங், கிளட்ச் பிளேட், செயின் ஆகியவற்றைப் புதிதாகவும் நல்ல தரத்திலும் வாங்குங்கள். கேஸ், மூடி, ஷிப்ட் ட்ரம் போன்றவை பாவித்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் திரும்பத் தொடங்கும்வரை பழைய பைக்குகளையே திருத்தித் திருத்தி ஓட வேண்டி வந்தது. பல மொடல்களுக்கு நல்ல பாவித்த கியர் செட் கிடைப்பது இலகுவில்லை. ஆகவே எந்தப் பாகம் வேண்டும் என்று தெரிந்தவுடன் தேடத் தொடங்குங்கள், மற்ற வேலை அதற்குப் பின்னால் நடக்கட்டும்.

"பாகம் வர ரெண்டு கிழமை ஆகுமாம். திறந்தபடி விடலாமா?"

கொழும்புக் காற்றில், அதுவும் கடற்கரைப் பக்கத்தில், கழுவிக் காயவைத்த இரும்பு ஓரிரு நாளிலேயே துரு பிடிக்கும். மண்ணெண்ணெயில் கழுவியதும் துடைத்து என்ஜின் ஒயில் பூசி, ஒவ்வொரு பாகத்தையும் பொலித்தீன் பையில் கட்டி, பெயர் எழுதி வையுங்கள். மே முதல் செப்டெம்பர் வரை மழைக் காற்று அடிக்கும் காலத்தில் இது இன்னும் முக்கியம். பேப்பர் கேஸ்கட்டைத் தட்டையாக, ஈரம் படாமல் வையுங்கள்.

"பூட்டி முடிச்சா ஒரு வாஷர் மிச்சம். ஓட்டிப் பாக்கலாமா?"

ஓட்டக் கூடாது. கம்பியில் கோத்த முறையைப் பின்பற்றியிருந்தால் அது கியர் வாஷராக இருக்காது, மூடிக்குள் இருக்கும் கிக் ஷாஃப்ட் அல்லது ஷிப்ட் ஷாஃப்ட் வாஷராக இருக்கலாம். பாகங்களின் வரைபடத்தோடு விட்டத்தையும் கனத்தையும் ஒப்பிட்டு எந்த அடுக்கு என்று கண்டுபிடியுங்கள்.

இந்த நிலைக்கு வராமலிருக்க வழி உண்டு. கேஸை மூடி 6 மி.மீ. பொல்ட்களை 10 முதல் 12 நியூற்றன் மீற்றர் வரை குறுக்கும் நெடுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கும்போதே, ஒவ்வொரு சுற்றுக்கும் கிராங்கையும் கியர் ஷாஃப்ட்டையும் கையால் சுற்றிப் பாருங்கள். ஏதாவது இறுகினால் அப்போதே நிறுத்தித் திறவுங்கள். முழுக்க இறுகியதும், சிலிண்டர் ஏற்றுவதற்கு முன்பே, ஷாஃப்ட்டைச் சுற்றியபடி எல்லாக் கியரும் விழுகிறதா என்று மாற்றிப் பாருங்கள். இந்த இடத்தில் திறப்பது அரை மணி வேலை. பைக்கில் ஏற்றிய பிறகென்றால் ஒரு நாள் போய்விடும்.

"இறுக்கேக்க மரை பிய்ஞ்சிட்டு. கேஸ் போச்சா?"

இல்லை. லேத் கடையில் ஹெலிகொயில் என்ற கம்பிச் சுருள் மரை போட்டுத் தருவார்கள், அலுமினிய மரையைவிட அது வலிமை. துளையிடும் முன் திறந்த இடமெல்லாம் துணி அடைக்கச் சொல்லுங்கள். ஒரு துகள் உள்ளே போனாலும் புதுப் பெயரிங் கெடும்.

"ஒயில் எவ்வளவு ஊத்துறது? உடனே ஸ்டார்ட் பண்ணலாமா?"

இந்த வகை என்ஜின்களுக்கு ஒரு லீற்றர் அளவு. மனுவலில் இரண்டு எண் இருக்கும்: ஒயில் மாற்றும்போது ஒன்று, முழுக்கப் பிரித்துப் பூட்டியபின் ஒன்று. இரண்டாவதே உங்களுக்கு உரியது, அது 100 முதல் 200 மில்லி லீற்றர் கூட இருக்கும். பிளக்கைக் கழற்றி, இக்னிஷனை நிறுத்திவிட்டு, முப்பது தடவை கிக் அடியுங்கள், ஒயில் மேலே ஏறட்டும். பிறகு ஸ்டார்ட் செய்து இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டு நிறுத்தி, ஒயில் மட்டத்தைத் திரும்பப் பாருங்கள். முதல் 300 முதல் 500 கிலோ மீற்றருக்குள் அந்த ஒயிலை மாற்றுங்கள்.

வடித்த பழைய ஒயிலைப் போத்தலில் அடைத்து சர்விஸ் நிலையத்தில் கொடுங்கள். காணில் ஊற்றினால் அது வெள்ளவத்தைக் கால்வாய்க்கோ பேரை வாவிக்கோதான் போய்ச் சேரும்.

"கேஸ் வெடிச்சிட்டு, பாவிச்ச கேஸ் ஒண்டு போடலாமா?"

வேலை ரீதியாகப் போடலாம். ஆனால் என்ஜின் இலக்கம் கேஸில்தான் அடிக்கப்பட்டிருக்கிறது, அது உங்கள் வாகனப் பதிவுச் சான்றிதழில் உள்ளதோடு பொருந்த வேண்டும். கேஸை மாற்றினால் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் அந்த மாற்றத்தைப் பதிய வேண்டும். வாங்கும் கடையில் இலக்கம் எழுதிய பற்றுச்சீட்டு வாங்காமல் காசைக் கொடுக்காதீர்கள். இலக்கம் அரத்தால் தேய்க்கப்பட்ட கேஸை எவ்வளவு மலிவென்றாலும் தொடாதீர்கள். வெடிப்பு இலக்கத்துக்கு அருகில் இல்லாமல் சிறிதாக இருந்தால், உங்கள் சொந்தக் கேஸை அலுமினிய வெல்டிங் செய்து லேத்தில் முகம் சமப்படுத்துவதே நல்லது.

"கொன்றொட் ஆடுது. அதையும் வீட்டில மாத்தலாமா?"

கொன்றொட் என்பது பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் தண்டு. முதலில் அது எந்தப் பக்கம் ஆடுகிறது என்று பாருங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, ஃபீலர் கேஜால் அளந்து மனுவலோடு ஒப்பிடுங்கள். மேலும் கீழும் இழுக்கும்போது கையில் சிறிதளவாவது ‘டிக்’ என்று தட்டுப்பட்டால் பெரிய முனை பெயரிங் போய்விட்டது.

இந்த ஒரு வேலையை மட்டும் வெளியில் கொடுங்கள். கிராங்க்பின்னைப் பல தொன் அழுத்தத்தில் ஹைட்ரோலிக் பிரெஸ்ஸால்தான் எடுக்கவும் ஏற்றவும் முடியும், ஏற்றிய பின் இரண்டு பக்கமும் நேராக்க வேண்டும். கிராங்கை மட்டும் துணியில் சுற்றி அத்தகைய கடைக்குக் கொண்டுபோங்கள். வாங்கும்போது இரு மையங்களுக்கிடையில் வைத்துச் சுற்றி, டயல் கேஜ் முள் எவ்வளவு ஆடுகிறது என்று உங்கள் கண் முன்னே காட்டச் சொல்லி, மனுவலின் எல்லைக்குள் இருந்தால் மட்டும் எடுத்து வாருங்கள்.